பத்துக் கோழி வரை சரி, பக்கத்து வீட்டுக்காரர்? சிங்கப்பூரில் வீட்டுக்கோழி

கேள்வி, 12 ஜனவரி 2025

செலிட்டார் பக்கம் தரைவீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். பின்பக்கம் கொஞ்சம் புல்தரை இருக்கிறது. நாலு பெட்டை, ஒரு சேவல் வளர்க்க ஆசை. சிங்கப்பூரில் கோழி வளர்ப்பதே குற்றம் என்கிறார் வேலையிடத்தில் ஒருவர். தரைவீடு என்றால் எத்தனை வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்கிறார் இன்னொருவர். நிஜமாகவே வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 12 ஜனவரி, இரவு

வீட்டில் கோழி வளர்க்கிற அக்கா சொல்கிறேன், இரண்டு பேர் சொன்னதையும் கேட்காதீர்கள். தரைவீட்டில் வளர்க்கலாம். வியாபாரத்துக்கு இல்லாமல், சொந்தத்துக்கு, ஒரு வீட்டுக்குப் பத்து வரை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கூடவே கூடாது. கோழிகள் கூண்டிலோ கொட்டகையிலோ இருக்க வேண்டும், வெளிப் பறவை உள்ளே நுழையக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்குநல மருத்துவச் சேவை. பழைய ஆட்கள் இன்னும் 'ஏவிஏ' (வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம்) என்றே சொல்வார்கள். அந்த ஆணையம் 2019 ஏப்ரலோடு கலைந்துவிட்டது. உணவு ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள்.

சேவலை மறந்துவிடுங்கள் தம்பி.

13 ஜனவரி

"ஏன் மறக்க வேண்டும், சட்டத்தில் எங்கே இருக்கிறது" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டம் பேசவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலை ஐந்து மணிக்கு என்ன நினைப்பார் என்பதைப் பேசினேன்.

சேவல் விடிந்த பிறகு கூவும் என்று நினைப்பவர்கள் சேவலோடு குடியிருந்ததில்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை மங்கிய வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வு. சூரியனைக் காட்டாவிட்டாலும் அவை நேரம் தெரிந்து கூவின. உள்ளுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வழக்கமான விளக்கு நேரத்தில் வைத்தபோது, வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டன. அதே ஆட்கள் இரண்டு வருடம் கழித்து இன்னொன்றும் சொன்னார்கள்: கூட்டத்தில் எது பெரியதனம் செய்கிறதோ அந்தச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்னால்தான் கூவும். ஆகவே கூண்டுக்குக் கறுப்புத் துணி போட்டு மூடினால் சரியாகிவிடும் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். சிங்கப்பூரில் விடிவதே ஏழு மணிக்கு. இரண்டு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. இதைச் சொன்னால் இன்னும் வியப்பவர்கள் இருக்கிறார்கள். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல்.

13 ஜனவரி, மறுபடி

பத்து என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் பேசுகிறீர்கள். ஐந்தா, பத்தா, பன்னிரண்டா என்பது முக்கியமே இல்லை. உங்கள் வீட்டுக் கோழியை எவரும் வந்து எண்ணப் போவதில்லை, பக்கத்து வீட்டில் யாராவது எரிச்சலாகும் வரை.

கூண்டு விஷயம்தான் விளையாட்டில்லை. 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது மலேசியக் கோழிக்கும் முட்டைக்கும் இங்கே தடை போட்டார்கள். வலசை வரும் நீர்ப்பறவைகள் இங்கே சுங்கை புலோ சதுப்புநிலத்தில் இறங்குகின்றன. அவற்றின் எச்சத்தில் கிருமி இருக்கலாம். மைனாவும் காகமும் உங்கள் தீவனத் தட்டில் வந்து உட்கார்ந்தால் எங்கே மேய்ந்துவிட்டு வந்தன என்று உங்களுக்குத் தெரியாது. ஊரில் போல முற்றத்தில் அவிழ்த்துவிட்டு மாலையில் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது இங்கே நடக்காது. அம்மாவிடம் இதை விளக்க எனக்கு ஒரு விடுமுறைக் காலம் முழுக்க ஆயிற்று. "கோழியை ஜெயிலில் போட்டுவிட்டு அதன் முட்டையைச் சாப்பிடுகிறாயா" என்று கேட்டுக்கொண்டே ஆம்லெட்டைச் சாப்பிட்டார்.

15 ஜனவரி

தெம்பனிஸ் அக்கா கேட்ட கேள்வி நியாயமானது. வீவக வீட்டில் 2024 செப்டம்பரிலிருந்து இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்களே, 1989-இலிருந்து இருந்த தடையையே எடுத்துவிட்டார்களே, அடுத்தது கோழிதானே என்கிறார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. பூனைத் தடை இருந்த காலத்திலும் வீட்டுக்கு வீடு பூனை இருந்தது. சட்டம் பின்னால் நடந்து வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். தாழ்வாரத்தில் ரகசியமாகக் கோழி வளர்ப்பவர் யாரும் இல்லை. ரகசியமாக வளர்க்கவே முடியாத பிராணி அது.

ஆனால் ஒன்று எனக்கு வேடிக்கையாகவே இருக்கும். கெபுன் பாரு பறவைப் பாட்டு மன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். உயரமான கம்பங்களில் மெர்போக் என்ற சின்னப் புறாக்களின் கூண்டுகளை ஏற்றிவிட்டு, கீழே நாற்காலி போட்டுக் கோப்பி குடித்தபடி வரிசையாக உட்கார்ந்து ரசிக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குப் பாட்டு என்று பெயர். என் பெட்டை முட்டை போட்டுவிட்டு எழுப்பும் சத்தத்துக்குத் தொல்லை என்று பெயர். ரசனை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பக்கம்தான் விதியும் சாய்கிறது.

18 ஜனவரி

பெட்டை சத்தமே போடாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் வளர்த்தது வாத்தாக இருக்கும்.

முட்டையிட்டதும் பெட்டை ஊரைக் கூட்டும். கொக்கொக்கொக் என்று தொடங்கி ஒரு 'கேஏஏ'வில் முடிக்கும், திரும்பத் தொடங்கும். ஒன்று ஆரம்பித்தால் முட்டையே போடாத மற்றதும் சேர்ந்துகொள்ளும். நல்லவேளை, பெரும்பாலும் காலை நேரத்திலிருந்து நண்பகலுக்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் அப்படி ஒருவர். மின்னஞ்சலில்தான் முதலில் அறிமுகமானோம்.

அதற்குப் பிறகு கூண்டை அவருடைய சன்னல் பக்கமிருந்து எங்கள் சமையலறைப் பக்கம் மாற்றினோம். செலவு எனக்கு, சத்தமும் எனக்கு. நியாயம்தான். கூண்டை எந்த மூலையில் வைப்பது என்பதை முதலில் யோசியுங்கள், எத்தனை கோழி என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

19 ஜனவரி

பாம்பு பற்றிக் கேட்டவருக்கு: வரும். வெண்டைக்காய்த் தோட்டம் போட்டால் வராத மலைப்பாம்பு, கோழி வைத்தால் வரும். மழைநீர்க் கால்வாய்தான் அதற்கு நெடுஞ்சாலை. மரநாயும் வரும். பாம்பைப் பார்த்தால் நீங்களே குச்சியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள், பிடிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள். பாம்பு வந்தது உங்கள் கோழிக்காக என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எலிதான் தினசரிப் பிரச்சினை. இரவில் தீவனத் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் இன்னொன்று. டெங்கி சோதனைக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்து ஆட்கள் வந்தால் பூச்சாடித் தட்டைப் பார்ப்பதுபோல் கோழித் தொட்டியையும் பார்ப்பார்கள். மூக்கால் தட்டினால் சொட்டும் குழாய்முனை விற்கிறார்கள், அதை மாட்டிவிட்டால் தேங்கும் தண்ணீரே இல்லை. கோழிகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டன. என் கணவருக்கு அதை மாட்டக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கூடுதல் நாள்.

2 பிப்ரவரி

சின் மிங் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். எட்டு வருடம் ஆகிவிட்டதால் மறந்துவிட்டார்கள் போலும்.

2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ பக்கம் அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையே திரிந்த கோழிகளைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். 24 கோழிகள். முந்தைய ஆண்டில் அந்த வட்டாரத்திலிருந்து 20 புகார்கள் வந்தன என்றது ஏவிஏ. சத்தம்தான் காரணம் என்று செய்தி வந்ததும் ஊரே கொதித்தது. பிறகு பறவைக் காய்ச்சல் அபாயமும் இருக்கிறது என்றார்கள். அது மக்களை இன்னும் சந்தேகப்பட வைத்தது. வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடலாமே என்றால், விட இந்தத் தீவில் இடம் எங்கே என்றார்கள்.

அப்போது நான் கொதித்தவர்கள் பக்கம். இருபது புகாருக்கு இருபத்து நாலு உயிரா, அதுவும் கம்பத்தில் (பழைய கிராமத்தில்) கோழிக்கூவலைக் கேட்டு வளர்ந்த ஊரில், என்று முகநூலில் நீளமாக எழுதினேன். இப்போது கோழியோடு குடியிருக்கிறேன். அந்த இருபது பேரை நினைத்தால் முன்புபோல் கோபம் வரவில்லை. பத்தாவது மாடியில் கைக்குழந்தையை ஒரு மணிக்குத் தூங்கவைத்துவிட்டு ஐந்து மணிக்குச் சேவலால் எழுந்தவர் ஒருவர் அதில் இருந்திருப்பார். ஆனாலும் கொன்றது சரி என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை. சேவல்களை மட்டும் பிடித்திருக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத கோழிக்குக் கூண்டு கட்டவும் ஆள் இல்லை, பரிந்து பேசவும் சட்டத்தில் ஆள் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

2 பிப்ரவரி, பின்குறிப்பு

"அவை காட்டுக்கோழிகள், அழிந்துவரும் இனம்" என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் கீழே சொல்லியிருக்கிறீர்கள். புளோக்குக்கு அடியில் திரிபவை எல்லாம் காட்டுக்கோழி ஆகிவிடாது. செங்காட்டுக்கோழி புலாவ் உபின் தீவில் உண்டு, மேற்கே காட்டுப் பகுதியிலும் உண்டு. கால் சாம்பல் நிறம், காதருகே வெள்ளைத் திட்டு, கூவல் கடைசியில் வெட்டிவிட்டதுபோல் முடியும். நன்றாகவே பறக்கும். உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் பாட்டன் அதுதான். வீட்டுக்கோழியோடு கலந்து அந்த இரத்தம் நீர்த்துப்போகிறது என்பதும் இயற்கை ஆர்வலர்களின் நிஜமான கவலை. மஞ்சள் கால் தெரிந்தால் அது யாரோ விட்டுப்போன கம்பத்துக் கோழியின் வாரிசு.

காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது 2020 ஜூன் முதல் தீவு முழுவதும் குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். ரொட்டித் துண்டோடு கிளம்பும் தாத்தாக்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

24 பிப்ரவரி

குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோரும் அனுப்பிவிட்டார்கள், இங்கேயும் வந்துவிட்டது: கேரளத்து அடூர் சேவல். பத்தனம்திட்டா மாவட்டத்தில் பள்ளிக்கல் கிராமம். பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலை மூன்று மணிக்கே கூவி உறக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு முதியவர் கோட்டாட்சியரிடம் புகார் கொடுத்தார். கோட்டாட்சியர் இரு தரப்பையும் கேட்டு, இடத்தையும் பார்க்கச் செய்து, மாடியிலிருக்கும் கொட்டகையை 14 நாளுக்குள் மனையின் தெற்குப் பக்கம் மாற்று என்று உத்தரவிட்டார்.

எனக்கு அந்த உத்தரவு மிகவும் பிடித்திருக்கிறது. சேவலைக் கொல் என்று சொல்லவில்லை, கோழி வளர்க்காதே என்றும் சொல்லவில்லை. இடத்தை மாற்று, அவ்வளவுதான். நான் போன மாதம் சமையலறைப் பக்கம் பற்றி எழுதியதற்கு அரசாங்க முத்திரை கிடைத்த மாதிரி இருந்தது. தெற்குப் பக்கம் என்பதில் வாஸ்து எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

பிரான்ஸ் கதையையும் ஒருவர் போட்டிருக்கிறார். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் மேல் விடுமுறை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் சேவல் ஜெயித்தது, தோற்றவர்கள் சேவலின் எசமானிக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. 2021-இல் நாட்டுப்புறத்தின் சத்தத்தையும் வாசத்தையும் மரபாகக் காக்கும் சட்டமே போட்டுவிட்டார்கள். படிக்கச் சுகமாக இருக்கிறது. அது கிராமம். விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போகலாம். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீட்டில் யார் எங்கே திரும்பிப் போவது?

நியூயார்க் நகரத்தில் பெட்டைக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது, சேவலுக்கு மட்டும் தடை. சியாட்டிலில் எட்டுக் கோழி, அங்கேயும் சேவல் கூடாது. எந்த நகரத்தில் தேடினாலும் முதலில் வெளியே போவது சேவல்தான்.

3 மார்ச்

தகராறு என்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டவருக்கு. முதலில் நேரில் பேசச் சொல்வார்கள், அடுத்து சமூக மத்தியஸ்த நிலையம். அதிலும் தீராவிட்டால் அண்டைவீட்டுப் பூசல்களுக்கென்றே 2015-இல் வந்த நடுவர் மன்றம் இருக்கிறது. மிதமிஞ்சிய சத்தம் அதன் வரம்புக்குள் வரும். அங்கே போய் "பத்துக்குள்தான் வைத்திருக்கிறேன்" என்றால் உதவாது. பத்து என்பது வளர்ப்பதற்கான அனுமதி, பக்கத்து வீட்டின் தூக்கத்துக்கு அது பதில் ஆகாது.

முட்டை கொடுத்துச் சமாதானம் செய்யலாமா என்றால், செய்யலாம், நாங்கள் செய்கிறோம். விற்கத்தான் கூடாது. ஆனால் முட்டை கொடுப்பதற்கு முன்னால் கூண்டைக் கழுவுங்கள். எச்சத்தின் நாற்றத்தோடு வரும் இலவச முட்டையை எவரும் மறுபடி கேட்பதில்லை. ஈரம் பட்டால்தான் நாற்றம். கூரை ஒழுகாமல், மரத்தூள் காய்ந்து இருந்தால் மூக்குக்கே தெரியாது. டிசம்பர் மழையில் மட்டும் எதுவும் உத்தரவாதம் இல்லை.

16 மார்ச்

அமெரிக்காவில் முட்டை விலை ஏறியதைப் பார்த்து, "கோழி வளர்த்தால் காசு மிச்சம்தானே அக்கா" என்று இரண்டு பேர். இல்லை. கூண்டு, தீவனம், மரத்தூள், மருந்து எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் பத்து முட்டை மூன்று வெள்ளி சொச்சம். என் முட்டை ஒன்று என்ன விலை ஆகிறது என்று ஒருமுறை கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் தாளைக் கிழித்துப் போட்டேன்.

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது மட்டும் எங்கள் வீட்டுக்குத் திடீர் மரியாதை. மாதம் 36 லட்சம் கோழிகள் என்று பேசினார்கள். நமக்கு வந்துகொண்டிருந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு. கோழிச்சோற்றுக் கடைகளில் கவலை. அப்போது தெருவில் இருந்தவர்கள் எல்லாம் "உங்களுக்கென்ன, வீட்டிலேயே இருக்கிறது" என்றார்கள். நிறுத்தியது இறைச்சிக் கோழி. என்னிடம் இருப்பவை முட்டைக்கு வளர்க்கும் கிழவிகள். வேகவைத்தால் குக்கர் தோற்றுவிடும்.

17 மார்ச்

கிழவிகள் என்றதும் ஞாபகம். எண்ணிக்கை முக்கியமே இல்லை என்று ஜனவரியில் எழுதினேன். ஒரு சந்தர்ப்பத்தில் முக்கியம்தான். முட்டைக் கோழி ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கும், இரண்டு வருடம் மும்முரமாக இடும். அப்புறம் குறைந்துகொண்டே போகும், ஆனால் கோழி ஏழெட்டு வருடம் வாழும். எங்கள் வீட்டில் வெட்டுவதில்லை. பெயர் வைத்தாகிவிட்டது, பிள்ளைகள் விட மாட்டார்கள். முட்டையிடாதவை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, புதிதாக நாலு வாங்கினால் பத்து சீக்கிரமே வந்துவிடும். ஆகவே முதல் தடவையே எட்டு, ஒன்பது என்று வாங்கிவிடாதீர்கள். மூன்றில் தொடங்குங்கள். ஒன்று மட்டும் வேண்டாம், தனிக்கோழி நாள் முழுக்கக் கத்தும்.

வாடகை வீடு என்பதை நான் முதலில் கவனிக்காமல் விட்டேன். அரசாங்க விதியைவிட உங்கள் ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளர் என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் முதல் விதி. "செல்லப்பிராணி கூடாது" என்று ஒரு வரி இருந்தால் கோழியும் அதில் அடங்கும், அது உணவு என்று வாதாடிப் பார்க்க வேண்டாம். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினார் என்பது பிறகு செல்லாது.

5 ஏப்ரல்

உரிமையாளர் மூன்றுக்குச் சம்மதித்துவிட்டார், வீட்டைத் திருப்பித் தரும்போது புல்தரையைச் சரிசெய்து தர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார் என்று முதலில் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். அந்த நிபந்தனையை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று கோழி இருந்தாலே கூண்டுக்குள் இருக்கும் புல் ஒரு மாதத்தில் போய்விடும். கிளறிக் கிளறி மண்ணில் குளிக்கும். கூண்டைக் கொஞ்ச நாளுக்கு ஒருமுறை நகர்த்தும்படி கட்டுங்கள், அல்லது ஏற்கெனவே சிமெண்டு போட்ட மூலையில் மரத்தூள் கொட்டி வையுங்கள், மண்குளியலுக்கு ஒரு பெரிய தொட்டியில் காய்ந்த மணல்.

கம்பிவலை பற்றிக் கேட்டதற்கு: கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை வேண்டாம். அது கோழியை உள்ளே வைக்கும், எதையும் வெளியே நிறுத்தாது. பற்றவைத்த கம்பிவலை, அரை அங்குலக் கட்டம். பக்கத்தில் மட்டுமல்ல, அடியிலும் மேலேயும். கதவுக்கு இரண்டு கொக்கி. விலை அதிகம்தான். முதல் மாதத்திலேயே வாங்கினால் ஒருமுறைதான் வாங்க வேண்டியிருக்கும்.